ஜெர்மனியில் முதுகலை: பல்கலைக்கழகத்தையும் அறையையும் சேர்த்தே தேடுவது எப்படி

இந்தியாவில் பி.இ. அல்லது பி.எஸ்சி. முடித்துவிட்டு, ஜெர்மனியில் ஆங்கில வழி முதுகலைக்கு அக்டோபரில் கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜூனியர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணா, அட்மிஷன் கிடைச்சிடுச்சு, விசாவும் வந்துடுச்சு, ரூம் மட்டும்தான் இல்லை." அந்த 'மட்டும்தான்' எவ்வளவு பெரியது என்று இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். முகவரி இல்லாமல் நகராட்சியில் பதிய முடியாது. பதியாவிட்டால் பல வங்கிகளில் கணக்கு தொடங்க முடியாது, கணக்கு இல்லாமல், விசாவுக்காக நீங்கள் முன்கூட்டியே முடக்கி வைத்த பணம் கைக்கு வராது. தங்கும் உரிமத்துக்கான விண்ணப்பமும் அதே இடத்தில் நின்றுவிடும்.

நானும் அப்படித்தான் வந்தேன். பத்து நாளுக்கு ஹாஸ்டல் புக் செய்திருந்தேன். பதிவுக்கான தாளைக் கேட்டதற்கு, "அது வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான், விருந்தினர்களுக்கு இல்லை" என்றார்கள். அப்புறம் மூன்று வாரம் ஒரு சீனியர் அறையில், தரையில் மெத்தை போட்டுப் படுத்தேன். கையில் கொண்டுவந்த 600 யூரோவில்தான் சாப்பாடும் பஸ்ஸும். கீழே உள்ள வரிசை அந்த மூன்று வாரத்தில் கற்றது.

1. எல்லாவற்றுக்கும் முன் ஏபிஎஸ்

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா கிடையாது. உங்கள் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் உண்மையானவைதானா என்று டெல்லியில் சரிபார்த்துத் தரும் சான்று அது. கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே இதைக் கேட்கின்றன. 'அட்மிஷன் வந்ததும் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால் விண்ணப்பமே முழுமையாகாது. அக்டோபரில் படிப்பு தொடங்க வேண்டுமானால் முந்தைய ஆண்டு டிசம்பருக்குள் அனுப்பிவிடுங்கள்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் கே', பட்டத்தில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கண்ணன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், இங்குள்ள அலுவலகத்துக்கு மூன்று ஆட்கள். ஏபிஎஸ், பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு, விடுதி என எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், படிவம் கேட்கிறதே என்று சொந்தமாக ஒன்றை நிரப்பாமல், அந்த அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

2. உங்கள் சிஜிபிஏ இங்கே என்ன ஆகும் என்று பாருங்கள்

ஜெர்மனியில் 1.0 தான் முதலிடம், 4.0 தேர்ச்சிக் கோடு. மாற்றும் கணக்கு எளிது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவதை 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்.

பத்துக்கு 7.5 வாங்கியிருக்கிறீர்கள், தேர்ச்சி 5 என்றால் 2.5 வரும். பல முதுகலைப் படிப்புகள் கோடு போடுவது அந்த 2.5-இல்தான். அதே 7.5-க்குத் தேர்ச்சி 4 என்று எடுத்துக்கொண்டால் 2.25 வரும். ஆகவே உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சிப் புள்ளி என்னவென்று அச்சாகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அது தெளிவாக இல்லையென்றால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

3. தரவரிசையை மூடிவிட்டுப் பாடத்திட்டத்தைத் திறங்கள்

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். உலகத் தரவரிசையில் மேலே உள்ள ஐந்து பெயர்களை எடுத்து, ஐந்துக்கும் விண்ணப்பித்து, ஐந்திலும் நிராகரிப்பு வாங்குவார்கள். மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கும். அங்கே முதலில் பார்ப்பது, குறிப்பிட்ட பாடங்களை நீங்கள் குறிப்பிட்ட அளவுக்குப் படித்திருக்கிறீர்களா என்பதை.

அந்த அளவுக்குப் பெயர் இசிடிஎஸ் புள்ளி. ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஒரு செமஸ்டருக்கு 30 புள்ளி. நம்முடைய நான்கு ஆண்டு பி.இ. மொத்தம் 160 கிரெடிட் என்றால், நான்கு ஆண்டுக்கு 240 இசிடிஎஸ் என்று வைத்து ஒரு கிரெடிட்டுக்கு 1.5 என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும், ஆனால் உங்கள் பட்டியலைச் சுருக்க இது போதும்.

படிப்பின் சேர்க்கை விதிமுறைப் பிடிஎஃப்-ஐத் திறந்து, 'கணிதத்தில் இத்தனை, கோட்பாட்டுக் கணினியியலில் இத்தனை' என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் நீங்கள் படித்த பாடங்கள், பக்கத்தில் புள்ளிகள். நம்மூர் கணினிப் பட்டதாரிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கோட்பாட்டுப் பகுதியில். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் ஒன்றுதான் கையில் இருக்கும், அவர்கள் இரண்டு மூன்று பாடத்துக்கான புள்ளி கேட்பார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயன்ஸுக்குப் போகிறவர்களுக்குக் கணிதப் புள்ளி தேறினாலும் நிரலாக்கப் புள்ளி தேறாது.

ஒரு பாடத்தின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யமாட்டார்கள், அதனால் உங்கள் முழு சிலபஸையும் ஒரே பிடிஎஃப்-ஆகத் தயாராக வையுங்கள். 'இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் 2' என்ற தலைப்பை வைத்து உள்ளே என்ன நடத்தினார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

பொதுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களைப் பட்டியலிடும் ஹோக்ஷூல்கொம்பஸ் தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது எழுதியிருக்கும். 'எங்கள் சேவை இலவசம்' என்று சொல்லும் கன்சல்டன்சி தனியார் கல்லூரி ஒன்றை மட்டும் விடாமல் சொன்னால், அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெயரில் 'பல்கலைக்கழகம்' இல்லாமல் 'ஹோக்ஷூலே' என்று இருந்தால் அது தரம் குறைந்தது என்று நினைக்கவும் வேண்டாம். அவை பெரும்பாலும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகள். அங்கே ஆய்வு குறைவு, தொழிற்சாலைத் தொடர்பு அதிகம். வேலைக்குப் போவதுதான் குறி என்றால் பலருக்கு அதுவே சரியாக அமையும்.

4. பட்டியலில் வாடகைக்கு ஒரு கட்டம் போடுங்கள்

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பது பாதி உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 அக்டோபரில் தொடங்கிய குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களிடம் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. மற்ற இடங்களிலும் அந்தந்தப் படிப்பின் பக்கத்திலேயே கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் மாதக் கணக்கைப் புரட்டிப்போடுவது வாடகைதான். விசாவுக்காக முடக்கும் தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992 கைக்கு வரும். அதில் மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 150 போய்விடும். மியூனிக்கில் பகிர்ந்த வீட்டில் ஓர் அறை 700 யூரோவைத் தாண்டும். 750 என்று வைத்தால் சாப்பாட்டுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 92 யூரோ. கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஊரில் 300-க்கு அறை கிடைத்தால் மிஞ்சுவது 542.

'பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுடலாம்' என்பார்கள். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் முதல் செமஸ்டரில், ஜெர்மன் மொழி வராத நிலையில், வேலை கிடைக்க மாதங்கள் ஆகும். முதல் ஆறு மாதக் கணக்கில் வேலை வருமானத்தைப் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள்.

என் பரிந்துரை: பட்டியலில் ஆறு படிப்புகள் இருந்தால், குறைந்தது மூன்று இல்மனவ், மக்டபுர்க், கெம்னிட்ஸ், ஜீகன் போன்ற வாடகை குறைந்த ஊர்களில் இருக்கட்டும். அங்கே இரவு எட்டு மணிக்கு மேல் தெரு வெறிச்சோடிவிடும், உண்மைதான். படிக்கிற நேரத்தில் அது ஒரு குறையே இல்லை.

5. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வாரமே விடுதிக்கும் விண்ணப்பியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இங்கே மாணவர் விடுதிகளைப் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை. ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. நாடு முழுவதும் 57 இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. இல்மனவ், ஜெனா, வைமார் எல்லாவற்றுக்கும் துரிங்கன் மாநில அமைப்பு ஒன்றுதான். பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டால் விடுதியும் தானாக வந்துவிடும் என்று நம்மூர்க் கல்லூரி ஹாஸ்டல் பழக்கத்தில் நினைத்துவிடுவார்கள். அப்படி எதுவும் வராது. நீங்களே போய்த் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பல இடங்களில் அட்மிஷன் கடிதம் இல்லாமலே வரிசையில் பெயர் போடலாம், ஒப்பந்தம் போடும்போது காட்டினால் போதும். சில இடங்களில் கடிதம் முதலிலேயே வேண்டும். அந்தந்த ஊர்த் தளத்தில் படித்துவிட்டு, முடிகிற இடத்தில் எல்லாம் ஏப்ரல், மே மாதமே பெயர் போட்டுவிடுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்பு பல செமஸ்டர்கள் வரை நீளும். விசா வந்ததும் ஆகஸ்டில் பெயர் போடுபவர், மே மாதம் போட்டவருக்குப் பின்னால்தான் நிற்பார்.

விண்ணப்பத்தில் 'தனி அறை, தனிக் குளியலறை, மையப் பகுதி' என்று மூன்றையும் டிக் செய்யாதீர்கள். விருப்பம் குறுகக் குறுக வாய்ப்பும் குறுகும். 'எந்த விடுதியும் சரி, பகிர்ந்த சமையலறையும் சரி' என்று போட்டு உள்ளே நுழைந்துவிடுங்கள். பிறகு உள்ளேயே அறை மாறிக்கொள்ள வழி உண்டு.

மெயிலில் ஸ்பாம் பெட்டியைத் தினமும் பாருங்கள். சில அமைப்புகள் 'இன்னும் அறை வேண்டுமா?' என்று அவ்வப்போது கேட்கும், பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடும். ஒரு தம்பிக்கு ஜூலையிலேயே அறை ஒதுக்கி மெயில் வந்திருக்கிறது. ஐந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். ஊரில் கோயில் திருவிழா, மெயில் பார்க்கவில்லை. ஆறாவது நாள் அறை வேறொருவருக்குப் போய்விட்டது.

6. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசித் தேதிகள்

குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மார்ச், மே மாதங்களிலேயே மூடிவிடும் படிப்புகள் நிறைய.

பல பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொது மையமான ஊனி-அசிஸ்ட் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்கும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. பணம் வந்து சேர்ந்த பிறகுதான் கோப்பைத் திறப்பார்கள், சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பினால், ஏதாவது தாள் விட்டுப்போனாலும் திரும்ப ஏற்ற நேரம் இருக்கும்.

7. தனியார் அறை: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

விடுதி கிடைக்கவில்லையென்றால் அடுத்த வழி 'வேகே', அதாவது சிலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை. வேகே-கெசுக்ட் தளத்தில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வரும். அங்கே வீட்டுக்காரர் உங்களைத் தேர்ந்தெடுப்பது குறைவு. ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். வீடியோ அழைப்பில் நான்கு பேர் சோபாவில் உட்கார்ந்து, என்ன சமைப்பாய், இசை கேட்பாயா, குளியலறை கழுவுவாயா என்று கேட்பார்கள்.

'டியர் சார், ஐ ஆம் இன்டரஸ்டட்' என்று ஒரே செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் திறக்கமாட்டார்கள். முதல் மூன்று வரியை ஜெர்மனில் எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. விளம்பரத்தில் அவர்கள் எழுதியதிலிருந்து ஒன்றைக் குறிப்பிடுங்கள்: பூனை இருக்கிறதா, ஞாயிறு சேர்ந்து சமைப்பார்களா. பெயர், படிப்பு, வரும் தேதி, எத்தனை மாதம், பணம் முடக்கிய கணக்கில் இருக்கிறது என்பது. இவ்வளவு போதும்.

பேசும்போது மறக்காமல் கேட்க வேண்டியவை:

அன்மெல்டுங் செய்யலாமா? அதாவது அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு. 'இல்லை' என்றால் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் முதல் அறையாக எடுக்காதீர்கள்.

சொல்லும் வாடகை கால்ட்மீட்டேயா, வார்ம்மீட்டேயா? முதலாவது வெறும் வாடகை, இரண்டாவதில் வெப்பமூட்டலும் தண்ணீரும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் சில சமயம் இரண்டிலுமே சேராது.

அறையில் கட்டில், மேசை இருக்கிறதா? தனி வீடு எடுப்பவர்கள் சமையலறை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இங்கே காலி வீடு என்றால் அடுப்பும் சிங்க்கும்கூட இல்லாமல் வெறும் சுவராகக் கிடைப்பது சகஜம்.

ஒருவர் இரண்டு மூன்று மாதம் வெளியூர் போகும்போது தன் அறையை விட்டுப்போவதை ஸ்விஷன்மீட்டே என்பார்கள். முதல் தங்கலுக்கு இது மிக நல்ல வழி. பொருட்கள் எல்லாம் இருக்கும், நேரில் இருந்துகொண்டு நிரந்தர அறை தேடலாம். இதற்கும் அன்மெல்டுங் கேள்வியை விடாதீர்கள்.

8. ஏமாற்றுக்காரர்களின் கதை எப்போதும் ஒன்றுதான்

நகர மையத்தில் அழகான வீடு, பாதி விலை. உரிமையாளர் வேலை மாறி வேறு நாட்டில் இருக்கிறார். நேரில் காட்ட முடியாது. முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். நம்பிக்கைக்குத் தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்புவார். அது முன்பு அவரிடம் ஏமாந்த இன்னொருவரின் பாஸ்போர்ட். நீங்கள் பதிலுக்கு உங்களுடையதை அனுப்பினால் அடுத்த ஆளுக்கு அது போகும்.

நேரலை வீடியோவில் தெருக் கதவிலிருந்து நடந்து அறை வரை காட்டச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அந்த ஊரில் படிக்கும் யாராவது ஒரு சீனியர் நேரில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம்.

9. ஒப்பந்தத்தில் மூன்று இடம்

முன்பணம்: சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கக் கூடாது. சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு.

காலி செய்யும் அறிவிப்பு: பொதுவாக மூன்று மாதம். மாணவர் விடுதிகள் பலவற்றில் செமஸ்டர் முடிவில் மட்டும்தான் வெளியேற முடியும். பயிற்சி வேலைக்கு வேறு ஊருக்குப் போகும்போது இரண்டு வாடகை கட்டுபவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

ஒப்பந்தக் காலம்: 'ஒரு வருடம் இரு தரப்பும் ரத்து செய்ய முடியாது' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் பழகுவதற்கு முன் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது.

10. சாவி வாங்கும் நாளும் அதற்கடுத்த வாரமும்

பெட்டியைப் பிரிக்கும் முன் அறையைப் போட்டோ எடுங்கள். சுவரில் ஓட்டை, தரையில் கீறல், ஜன்னல் கைப்பிடி, மெத்தையின் அடிப்பக்கம், எல்லாமே. ஒப்படைப்புத் தாளில் அவற்றை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து முன்பணத்தில் பிடித்தம் செய்யும்போது பேசப்போவது அந்தத் தாள்தான்.

அன்றே வீட்டுக்காரரிடம் இன்னொரு தாளையும் வாங்குங்கள்: வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். வாயில் நுழையாவிட்டால் போனில் எழுதிக் காட்டுங்கள். நீங்கள் இந்த வீட்டில் குடியேறினீர்கள் என்று அவர் உறுதிசெய்யும் தாள் அது, வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். நேர முன்பதிவு பெரிய நகரங்களில் எளிதில் கிடைக்காது என்பதால், முகவரி உறுதியான உடனே இந்தியாவில் இருக்கும்போதே நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். காலையில் தளத்தைத் திறந்தால், மற்றவர்கள் ரத்து செய்த நேரங்கள் வந்திருக்கும்.

பதிவு முடிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். ஏமாற்றுக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பின்னால் அபராதத்தோடு கட்டியவர்கள் பலர். கணக்கு ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. பகிர்ந்த வீடென்றால் ஏற்கெனவே கட்டும் நண்பரின் கட்டண எண்ணைக் கேட்டு எழுதிப் பதில் அனுப்புங்கள், உங்கள் பங்கை அவரிடம் கொடுத்தால் போதும். விடுதிக் கட்டடத்தின் பொது நடைக்கூடத்திலிருந்து நேராக உள்ளே போகும் அறை மட்டும் தனி வீடாகக் கணக்காகும், அதற்கு நீங்களே கட்ட வேண்டும்.

அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவதையும் முதல் நாளே செய்துவிடுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் எதையும் போடமாட்டார், உங்கள் வங்கி அட்டை வந்த வழியே திரும்பிப் போய்விடும். அங்கேயும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான்.